நிறுத்துப் பார்த்த காற்று

1959 ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று. கொடியில் போட்ட என் நீலப் புடவை பக்கத்து வீட்டு முருங்கையில். அண்ணி தொரட்டி வைத்து எடுத்துக் கொடுத்தாள். ஓரத்தில் ஒரு கிழிசல். பரவாயில்லை, மடிப்பில் மறையும்.

ஹெச்.எம். முதல் பீரியடிலேயே கூப்பிட்டனுப்பினார். வரும் பதினாறாம் தேதி இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார். நாலாம் பாரப் பெண்களுக்கு இரசாயனத்தை விருப்பப் பாடமாக வைக்க அனுமதி கேட்டிருந்தோமே, அதற்கு. நேரில் பார்த்துத் திருப்தியானால்தான் கொடுப்பாராம். கிடைக்காவிட்டால் என் பெண்கள் எல்லாரும் தையல் வகுப்புக்கு. நானும் வீட்டுக்கு. என் வேலையே அந்த அனுமதியை நம்பிப் போட்ட தற்காலிக வேலை.

"ஜெயம், அவங்க கண்ணால பார்க்கிற மாதிரி ஒண்ணு செய்து காட்டணும். வெறும் போர்டு பாடம் வேண்டாம்" என்றார் ஹெச்.எம். நல்ல மனுஷி, அதட்டத் தெரியாது. கைக்குட்டையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

லேபில் இருப்பது என்ன? குடுவைகள் கொஞ்சம், ஸ்பிரிட் விளக்கு, உடைந்த தராசு. யோசித்துப் பொருண்மை அழியாமையைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பொருள் சேர்ந்து மூன்றாவது ஆனாலும் மொத்த எடை கூடாது, குறையாது. இரசாயனத்துக்கே அஸ்திவாரம் அதுதான்.

வேண்டியவை: நல்ல தராசு. எலுமிச்சை. சமையல் சோடா. பலூன். தைரியம்.

ஜூலை 8, புதன்

தராசு வந்துவிட்டது! அண்ணியின் தம்பி ராஜ வீதியில் வெள்ளிக் கடையில் இருக்கிறார். கடையின் பழைய தராசு ஒன்றைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு டப்பா நிறையக் குன்றிமணி. சின்ன எடைக்கு இன்னும் அந்தச் சிவப்பு விதைதான் போடுகிறார்களாம். ஒரே ஒரு மணி போட்டாலும் தட்டு அசைகிறது. குழந்தை மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், சாம்பார் ஆறிப்போயிற்று.

அண்ணா ஃபவுண்டரியிலிருந்து கரிக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். பீளமேட்டில் பம்புக்கு வார்ப்படம் போடுகிற வேலை அவருக்கு.

"என்ன அம்மணி, எடை குறையாதுங்கறயா? எங்க உலையில வந்து பாரு. போடறது ஒரு பாரம், வாறது முக்கால் பாரம். உன்ற விதி அங்க லீவு போட்டிருக்குது."

"கசடு எங்க போச்சுங்ணா? புகை எங்க போச்சு? அதையும் சேர்த்து நிறுங்க."

"புகையை எந்தத் தட்டுல வெக்கறது?"

சிரித்துவிட்டேன். ஆனால் அதுதானே விஷயம். புகையை வைக்கத் தட்டு வேண்டும். அதற்குத்தான் பலூன்.

ஜூலை 9, வியாழன்

காற்று. ஜன்னலை எல்லாம் சாத்தி, அட்டையும் வைத்து அடைத்தேன். புழுக்கம்.

வகுப்பில் ஒத்திகை. குடுவையில் எலுமிச்சைச் சாறு. பலூனுக்குள் சமையல் சோடா. பலூனைக் குடுவையின் வாயில் மாட்டி, தராசில் வைத்து, எதிர்த் தட்டில் மணல் போட்டுச் சமன் செய்தாயிற்று. பிறகு பலூனை நிமிர்த்தினேன். சோடா சாற்றில் விழுந்து பொங்கியது. பலூன் ஆரஞ்சுப் பழமாகி, இளநீராகி, பூசணியாக உப்பியது. பெண்கள் கை தட்டல். கனகா பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள்.

"ஒண்ணும் வெளிய போகலை. இப்பத் தட்டு எப்படி இருக்குது?"

"சமமா இருக்குதுங்க டீச்சர்!" ஒரே குரல்.

ஒரு குரல் மட்டும் வரவில்லை. பழனியம்மாள். அன்னூர்ப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுப் பெண், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தராசுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"என்ன பழனியம்மா?"

"எம்பட கண்ணுக்கு மேல போயிருக்குதுங்க டீச்சர்."

"காத்து ஆட்டியிருக்கும்."

"இல்லைங்க. ஆடலைங்க. நின்னுபோட்டுது. குறைஞ்சுதானுங்க இருக்குது."

மற்றவர்கள் அவளை இடித்தார்கள். டீச்சர் சொல்லியாயிற்று, பாடப் புத்தகமும் சொல்லியாயிற்று, இவளுக்கு என்ன? நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். பலூன் இருந்த தட்டு மேலே. அதில் குன்றிமணி போட்டுப் பார்த்தேன். ஐந்து போட்ட பிறகே சமன்.

"உட்காரு" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. அவள் உட்கார்ந்தாள். முகம் சுருங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடம்.

மணி அடித்த பின் தனியாக மறுபடி செய்தேன். குறைகிறது. பலூன் வாயை நூல் போட்டு இறுக்கிக் கட்டிச் செய்தேன். குறைகிறது. கசிவே இல்லை, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாயிற்று. பின் எங்கே போகிறது?

ஜூலை 10, வெள்ளி

தலைவலி. அண்ணி வைத்த கொள்ளுரசம் இரண்டு தம்ளர். புத்தகங்கள் எல்லாவற்றையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் "எடை மாறுவதில்லை" என்று ஒரே வரி. எழுதியவர்கள் பலூனை வைத்து நிறுத்தார்களா என்று யாரிடம் கேட்பது.

ஹெச்.எம்.: "பலூன் ரொம்ப அழகா உப்புதாமே, பிள்ளைங்க சொன்னாங்க. இன்ஸ்பெக்ட்ரஸ் தட்டை அவ்வளவு உத்துப் பார்க்கமாட்டாங்க ஜெயம்."

பார்க்கமாட்டார்தான். பழனியம்மாள் பார்ப்பாள்.

ஜூலை 11, சனி

கண்டுபிடித்தேன்! கண்டுபிடித்தேன்! கிணற்றடியில்!

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அண்ணி அடுப்பில் இட்டலி வைத்துவிட்டு வந்தாள், நான் கிணற்றில் இறைத்தேன். மனசெல்லாம் பலூன். வாளி நிறைந்து தண்ணீருக்குள் இருக்கிறவரை கயிறு பஞ்சாக வந்தது. மேலே வந்து தண்ணீரை விட்டதும் கை வெடுக்கென்று இறங்கியது. கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். வாளியை மறுபடி உள்ளே விட்டேன். பஞ்சு. மறுபடி மேலே. பாரம். மறுபடி உள்ளே.

"தண்ணி இறைக்கறயா, கெணத்தைத் தாலாட்டறயா?" அண்ணி.

"அண்ணி, தண்ணிக்குள்ள இருக்கற தண்ணிக்குப் பாரமே தெரியறதில்ல!"

"சரி. ஊத்து, அரிசி கழுவோணும்."

நாம் எல்லாரும் காற்றுக்குள் இருக்கிறோம். காற்று ஒரு கிணறு. பலூன் உப்பும்போது அத்தனை காற்றை ஒதுக்கித் தள்ளுகிறது, அந்தக் காற்று பலூனைத் தூக்கிப் பிடிக்கிறது. பொருள் ஒரு துளியும் போகவில்லை. போனதாகத் தராசுக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். பௌதிகத்தில் இதைப் படித்துப் பரீட்சையே எழுதியிருக்கிறேன். படித்தது ஒரு பக்கம், பலூன் ஒரு பக்கம் என்று இருந்துவிட்டேன்.

இட்டலி எத்தனை சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. அண்ணி எண்ணியிருப்பாள்.

மத்தியானம் யோசனை: காரணம் தெரிந்துவிட்டது, சரி. ஆனால் இன்ஸ்பெக்ட்ரஸுக்குக் காட்ட, உப்பாத பாத்திரம் வேண்டும். வாயு உள்ளேயே அடைபட வேண்டும், பாத்திரம் பெரிதாகக் கூடாது. கண்ணாடிக் குடுவைக்குக் கார்க் போட்டால் கார்க் பறந்து கூரையில் அடிக்கும்.

ஜூலை 12, ஞாயிறு

அண்ணியின் சொந்தத்தில் வளைகாப்பு, உக்கடத்துக்கு அந்தப் பக்கம். போய்த் திரும்பும்போது குளக்கரையில் நல்ல காற்று, நல்ல தாகம். அண்ணா சோடா வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் கோலியைக் கட்டைவிரலால் அழுத்தினார். டப். புஸ்ஸ்.

நான் குடிக்கவில்லை. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்தில் கண்ணாடிக் கோலி. வாயில் ரப்பர் வளையம். உள்ளே இருக்கிற வாயுவே கோலியைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு வாயு வந்தாலும் அவ்வளவு இறுக்கம். தடித்த கண்ணாடி, உப்பாது.

"ஏனுங்க, காலிப் புட்டி நாலு கிடைக்குங்களா?"

கடைக்காரர் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா வானத்தைப் பார்த்தார்.

"எதுக்குங்க அம்மணி?"

"பள்ளிக்கூடத்துக்குங்க. நிறுக்கறதுக்கு."

"நிறுக்கவா?" அவர் காலிப் பெட்டியை முன்னால் தள்ளினார். "எடுத்துட்டுப் போங்க. கேஸ் அடைச்சீங்கன்னா ஈரச் சாக்குச் சுத்திப் பிடிங்க, ஒண்ணொண்ணு வெடிச்சுப்போடும்."

வழியெல்லாம் பையில் புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கணகண. அண்ணி இரண்டடி தள்ளியே நடந்தாள்.

ஜூலை 13, திங்கள்

முதலில் பழனியம்மாளை எழுப்பினேன். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "நீ பார்த்ததுதான் சரி. தட்டு மேலதான் போச்சு. ஏன்னு இப்பப் பார்க்கலாம்."

ஒரு வெறும் பலூனைத் தராசில் வைத்துச் சமன் செய்தேன். அதையே கனகாவிடம் கொடுத்து வாயால் ஊதி முடிச்சுப் போடச் சொல்லி மறுபடி வைத்தேன். தட்டு அசைந்த மாதிரியே இல்லை.

"உள்ள காத்து இருக்குதா, இல்லையா?"

"இருக்குதுங்க!"

"அப்ப அதோட எடை எங்க?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். வாளியும் கிணறும் சொன்னேன். முடிக்கும் முன்பே பழனியம்மாள் துள்ளி எழுந்தாள்.

"டீச்சர்! எங்க தோட்டத்துக் கெணத்துல மாடு கட்டிக் கவலை ஓட்டறப்ப, தண்ணி மொள்ற சால் தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் மாடு சும்மா நடக்குமுங்க. மேல வந்ததும்தான் கழுத்தைக் குடுத்து இழுக்கும். அதானுங்களா?"

அதேதான். கவலை ஏற்றம் பார்த்த பெண்கள் பாதிப் பேர். எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம். எனக்குக் கண் கொஞ்சம் கலங்கியது. சாக்பீஸ் தூசி என்று வைத்துக்கொள்வோம்.

மாலை: சோடாப் புட்டி முதல் முயற்சி. தோல்வி. கோலி வாய்க்கு வரக் கவிழ்ப்பதற்குள் பொங்கி என் கையெல்லாம் எலுமிச்சை.

ஜூலை 15, புதன்

நேற்று முழுவதும் தோல்விகள்; எழுதத் தெம்பில்லை. இன்று பிடிபட்டது.

முறை (மறக்காமல் இருக்க): சமையல் சோடாவை மெல்லிய காகிதத்தில் பீடி மாதிரி இறுக்கிச் சுருட்டிக் காய்ந்த புட்டிக்குள் விடு. சாறு தனியாக ஒரு தம்ளரில். புட்டி, தம்ளர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சமன் செய். சாற்றைப் புட்டிக்குள் ஊற்று. காகிதம் நனைவதற்குள் தலைகீழாகக் கவிழ். கோலி தானாக வந்து அடைத்துக்கொள்ளும். புட்டியை நிமிர்த்திக் காலித் தம்ளரோடு மறுபடி தட்டில் வை. ஈரச் சாக்கு தயாராக இருக்கட்டும்.

சமம்! மயிரிழைகூட மாறவில்லை. பழனியம்மாள் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தாள். "சமமா இருக்குதுங்க டீச்சர்." அவள் வாயால் கேட்டதில் எனக்கு ஒரு பட்டமே கிடைத்த மாதிரி.

பிறகு புட்டியை எடுத்துக் கோலியை மெல்ல அழுத்தினேன். புஸ்ஸ்ஸ். மறுபடி வைத்ததும் தட்டு எல்லார் கண்ணெதிரே மெல்ல மேலே ஏறியது. எடை போகிற சத்தத்தைக் காதால் கேட்டோம். கனகா: "டீச்சர், இன்னொருக்கா!" எலுமிச்சை தீர்கிறவரை இன்னொருக்கா, இன்னொருக்கா.

ஜூலை 16, வியாழன்

முடிந்தது. வரிசையாக எழுத வேண்டும், கை நிற்கவில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் மெட்ராஸ்காரர். பழுப்புப் பட்டு, தங்கச் சட்டமிட்ட கண்ணாடி, சிரிப்பு இல்லை. லேபைச் சுற்றி வந்தார். உடைந்த தராசைத் தொட்டுப் பார்த்தார். "இதுதானா லேபாரட்டரி?" ஹெச்.எம். கைக்குட்டை நூலாகிக்கொண்டிருந்தது.

செய்து காட்டினேன். சமன். ஊற்று. கவிழ். வை. சமம். "நல்லது" என்றார், மரியாதைக்கு.

"இப்ப உள்ளே இருக்கிற வாயுவை வெளிய விட்டா எடை குறையுங்க" என்று புட்டியை எடுத்தேன்.

"நானே அழுத்தலாமா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. கொடுத்தேன். மெட்ராஸில் சோடா குடித்த பழக்கமோ என்னவோ, கட்டைவிரலால் ஓங்கி ஒரு அழுத்து. டப்! நுரை பீறிட்டுக் கண்ணாடி, மூக்கு, பட்டுப் புடவை எல்லாம். ஹெச்.எம். "ஏசுவே" என்றார்.

இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றினார். புட்டியைத் தட்டில் வைத்தார். தட்டு ஜோராக மேலே போயிற்று.

"குறைஞ்சிருக்கு. சரிதானே?" குரலில் ஒன்றும் தெரியவில்லை.

ஹெச்.எம். அவசரமாக, "சரிதாங்க, ரொம்பச் சரி" என்றார்.

பின்பக்கத்திலிருந்து ஒரு குரல். "செல்லாதுங்க."

பழனியம்மாள். எழுந்து நிற்கிறாள்.

"தண்ணியும் போயிருச்சுங்க. உங்க மேலெல்லாம் இருக்குதுங்களே, அதுவும் எடைதானுங்களே. வாயு எவ்வளவு போச்சு, தண்ணி எவ்வளவு போச்சுன்னு இப்பச் சொல்ல முடியாதுங்க. மறுபடி செய்யோணுங்க."

இன்ஸ்பெக்ட்ரஸ் தன் புடவையைக் குனிந்து பார்த்தார். மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அதைத் துடைத்தார். பிறகு, முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தமாகவே சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வருகிற சிரிப்பு.

"ஆமாம்மா. பாதிக் கணக்கை நான் கட்டிக்கிட்டு நிக்கிறேன். மறுபடி செய். நீயே வந்து செய்."

அவளே செய்தாள். கோலியை மெல்ல, பூவைத் தொடுகிற மாதிரி அழுத்தினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. புஸ்ஸ்ஸ். புட்டியை வைத்ததும் தட்டு ஏறியது. குன்றிமணி ஒவ்வொன்றாகப் போட்டு இன்ஸ்பெக்ட்ரஸே எண்ணினார், எங்கள் பெண்களும் கூடவே எண்ணினார்கள், சந்தையில் எண்ணுகிற மாதிரி ராகம் போட்டு.

போகும்போது பழனியம்மாளிடம்: "என்ன படிக்கப்போறே?"

"இங்க இரசாயனம் குடுத்தீங்கன்னா அதுதானுங்க."

அனுமதி பற்றி என்னிடம் பேச்சே இல்லை. காரில் ஏறிய பின் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "அந்தக் கோலிப் புட்டி யார் யோசனை?" என்றார். "என்னோடதுதாங்க" என்றேன். தலையாட்டினார். கார் போயிற்று.

ஜூலை 17, வெள்ளி

ஆடி ஒன்று. வழக்கப்படி தேங்காய் சுட்டோம். நெருப்பில் தேங்காய் வெடித்ததும் நான் எடையைப் பற்றி வாயைத் திறந்தேன். அண்ணா: "இன்னிக்கு ஒரு நாள் சாமி, விடு."

ஆகஸ்ட் 5, புதன்

அனுமதி வந்துவிட்டது!! காலைத் தபாலில். ஹெச்.எம். செருப்பை ரூமிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு தாழ்வாரம் முழுக்க ஓடி வந்து, வகுப்பு வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஜெயம்... ஜெயம்..." என்கிறார், அதற்கு மேல் வரவில்லை. காகிதத்தை என் கையில் திணித்தார். பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் வந்துவிட்டார். அவரும் சேர்ந்து கை தட்டினார். எனக்கும் வேலை நிரந்தரம். அண்ணாவுக்கு ஃபோன் செய்யச் சொல்லி ஆஃபீஸில் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கூச்சலின் நடுவே வாசலில் ஒருவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் சோற்றுத் தூக்குப்போசி. பழனியம்மாளின் அப்பா. ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போனவளைத் திரும்பக் கொண்டுவந்து விட வந்திருக்கிறார்; அவள் முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, உங்களை ஒண்ணு கேக்கோணுங்க."

"சொல்லுங்க."

"எம்புள்ள ஊட்டுக்கு வந்ததுலருந்து வெறகைக்கூட நிறுத்துத்தான் அடுப்புல வெக்கறா. பொறவு சாம்பலை நிறுக்கறா. மிச்சம் எங்க போச்சு, சொல்லும்மாங்கறா. அவிய அம்மா பயந்துபோட்டா. நான் எடுக்கலை கண்ணுங்கறா."

வகுப்பே குலுங்கியது. பழனியம்மாள் டெஸ்க்குக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"காத்தோட போகுதுங்க" என்றேன். "புகையா, கண்ணுக்குத் தெரியாத வாயுவா. தொலையறதில்லை."

"அதான் அவளும் சொன்னா. செரி, ஒத்துக்கறனுங்க." துண்டை இறக்கி மடித்தார். போகவில்லை. "அப்ப இதைச் சொல்லுங்க. சோளம் ஒரு படி வெதைக்கறேன். மாட்டுக்கு வண்டி வண்டியாச் சோளத்தட்டு அறுத்துப் போர் போடறேன். வருசா வருசம். வெதைக்கற காடு பள்ளமாகறதில்லைங்களே. அத்தனை பாரமும் எங்கிருந்து வருதுங்க?"

அடடா. எனக்குள் ஏதோ துள்ளியது. இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"உள்ள வந்து உட்காருங்க. இன்னிக்குப் பாடமே அதுதான்."

கூச்சப்பட்டார். பெண்கள் வகுப்பு. கனகா ஓடிப்போய்க் கடைசி பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தாள். தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், முழங்கால் பெஞ்சில் இடிக்க.

வகுப்பைக் கேட்டேன். ஒருத்தி, மண்ணிலிருந்து. அப்படியானால் மண் குறைய வேண்டுமே? ஒருத்தி, எரு. வண்டி எரு போட்டால் வண்டி சோளத்தட்டு, ஆனால் எரு போடாத மானாவாரிக் காட்டிலும் விளைகிறதே? ஒருத்தி, தண்ணீர். பாதி சரி. சோளத்தட்டு காய்ந்த பிறகும் கனக்கிறதே, அது?

பழனியம்மாள் மெதுவாகத் தலையை வெளியே எடுத்தாள். எழுந்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சர்... அடுப்புலருந்து காத்துல போச்சுங்களே. அதைத்தான் செடி திரும்ப எடுத்துக்குதுங்களா?"

"அதைத்தான்" என்றேன்.

கடைசி பெஞ்சில் கவுண்டர் தூக்குப்போசியைக் கீழே வைத்தார். பிறகு வாய் விட்டுச் சிரித்தார்.

"அப்ப இத்தனை வருசமா நான் காத்தையா அறுத்துக் கட்டிப் போர் போட்டிருக்கறேன்?"

எப்படி எடுக்கிறது, வெயில் என்ன செய்கிறது, இலையில் என்ன நடக்கிறது, ஆளுக்கொரு கேள்வி. போர்டு நிறைந்து அழித்து மறுபடி நிறைந்தது. மணி அடித்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கவுண்டரும்.